விட்டுப்போன மூன்றாவது கேள்வி

பிப்ரவரி 11
ஒன்பதாவது மாடிக்கும் மேலே, லிப்ட் மோட்டார் அறை

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

உன் லிப்ட்காரன் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு எழுதுவது. நானும் நம் மேஸ்திரியும் சுகம். நீயும் உன் வார்டு நோயாளிகளும் சுகமாக இருக்க வேண்டும். எல்லோரும் சுகமாகிவிட்டால் நர்ஸ் வேலை போய்விடுமே என்று பயப்படாதே, உலகத்தில் நோய்க்கா பஞ்சம்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். பள்ளியில் நடந்த மதிப்பீட்டில் நம் மகள் வெளுத்து வாங்கிவிட்டாள். எட்டு வயதில் வீட்டுச் செருப்பை எல்லாம் அளவு வாரியாக அடுக்கி வைத்து, ஒன்று கோணினாலும் நம்மை முறைக்கிறாளே என்று நான் மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். அன்றைக்கு அந்த அறையிலும் மேஸ்திரி மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள்.

கல்வி அலுவலகத்திலிருந்து அதே அதிகாரி அம்மாதான் வந்திருந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே பையில் தேடுகிற ரகம், ஆனால் நல்ல மனுஷி. துணை ஆசிரியை நம் பிள்ளை பக்கத்தில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் எழுதிவிட்டுப் போவது அவர்தானே. போன வருஷக் கேள்வித்தாள் நம் அலமாரியில் இருந்தது. விடுவேனா? இரண்டு வாரம், தினமும் சாயங்காலம், அதே வேலை. உன் பெயர் என்ன, வயது என்ன, பிடித்த நிறம் என்ன, தோழி யார், பசித்தால் என்ன செய்வாய். ஐந்து கேள்வி, ஐந்து பதில். வாசிக்கிற பக்கமும் மனப்பாடம். அன்றைக்குக் காலையில் பூங்காவில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கழிவறைக்குக் கூட்டிப்போய், நீல கவுனை மாட்டி, காதில் கொஞ்சம் பஞ்சும் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னல் மறைத்துவிட்டதால் பஞ்சு யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு வேடிக்கை கேள். அந்த அம்மா மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டார். பிடித்த நிறத்தைக் கேட்காமல், தோழி யார் என்று கேட்டார். நம் ஆள் சட்டென்று நீலம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தோழிக்கு நிறம் சொல்கிறாளே, என்ன கற்பனை என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார். பசித்தால் என்ன செய்வாய் என்றதற்கு, டாலி என்று வகுப்புத் தோழியின் பெயரைச் சொன்னாள். பசித்தால் தோழியிடம் கேட்பாளாம், நல்ல பழக்கம் என்று அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் போய்விட்டு வா கண்ணு என்று சொன்னதற்கு, "சாப்பாடு வேணும்னு சொல்வேன்" என்றாள். தலைமையாசிரியை அம்மா சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார்.

நேற்று முடிவு வந்துவிட்டது. இத்தனை நாள் அரை நாள் துணை இருந்தது அல்லவா, இனி வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமாம். அவ்வளவு தேறிவிட்டாள்! நான் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று பார்க்கிறேன்.

கிளம்பின அன்று விமான நிலையத்தில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பதில் எல்லாம் சொல்றா, இவளாவே ஒரு கேள்வி என்னைக் கேட்டா போதும் என்றாய். அதற்கும் காலம் வரும். நீ நிம்மதியாக இரு.

உன் கெட்டிக்கார மகளின்
இன்னும் கெட்டிக்கார அப்பா


ஏப்ரல் 2
வீடு

அன்புள்ளவளுக்கு,

நலம், நலம். உன் கடிதமும் மேஸ்திரிக்கு நீ அனுப்பிய ஒட்டுப் படங்களும் வந்தன. படங்களைக் கதவு நிலையில் கீழிருந்து மேலாக, ஒன்பது மாடி மாதிரி ஒட்டிவிட்டாள்.

தலைமையாசிரியை அம்மாவுக்கு நீ நன்றிக் கடிதம் போட்டதாக எழுதியிருந்தாய். அவரும் சொன்னார். இதெல்லாம் எதற்கு உனக்கு? சரி, போகட்டும்.

மேஸ்திரி இப்போது மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அதனால் அப்பாவும் மகளும் சேர்ந்து இருக்க நிறைய நேரம். சில நாள் என்னோடு வேலை இடத்துக்கும் வருகிறாள். பள்ளியிலிருந்து அடிக்கடி கூப்பிடுகிறார்கள், சும்மா பேசத்தான்.

ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதே, இருக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் விருப்பம். ஜூலை கடைசிக்குள் சொன்னால் போதும் என்கிறார்கள் அல்லவா, யோசித்துச் சொல்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னவன்


ஜூலை 9
மோட்டார் அறை

என் உயிரானவளுக்கு,

இந்தக் கடிதம் நீளம். டியூட்டி முடிந்து, குளித்து, ஒரு டீயும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. நல்லபடியாக முடிகிற கதைதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி நலம். சத்தியமாக நலம். ஆனால் நடுவில் உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டும்.

பிப்ரவரியிலிருந்து நான் உனக்கு எழுதியதில் பாதி பொய். மீதிப் பாதியில் உண்மையை மறைத்தேன். போனில் சொல்லலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அவள் என் தோள்மேல் தொங்கிக்கொண்டே இருப்பாள். அவளைப் பற்றி அவள் எதிரிலேயே எப்படிச் சொல்வது? இது சாக்குதான், தெரியும். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். துணை ஆசிரியை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று ஆன பிறகு, முதல் வாரமே வகுப்பில் தகராறு. மணி அடித்தால் மேஜைக்கடியில் புகுந்துவிடுவாள். கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் பாவாடை நனைந்துபோய் நிற்பாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர். பலகையில் எழுதுவாரா, மேஜைக்கடியில் குனிவாரா?

மார்ச் மாதம் ஒருநாள் இடைவேளை மணி அடித்ததும் ஓடியிருக்கிறாள். தண்ணீர் வண்டிக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே போய்விட்டாள். நாற்பது நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் போன் வந்தபோது நான் நகரத்தின் மறு கோடியில் ஒரு லிப்ட் கேபின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தேன். எப்படிக் கீழே இறங்கினேன், எப்படி வண்டி ஓட்டினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

கிடைத்துவிட்டாள். பள்ளிக்கு எதிரே, சாலையைத் தாண்டி, நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற இந்தக் கட்டடத்தில்தான். இந்த லிப்டில். நான் மாதா மாதம் சர்வீஸ் செய்கிற லிப்ட் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே ஏறி, மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே, ஒவ்வொரு மாடியிலும் "கதவு மூடுகிறது, கவனம்" என்று அறிவித்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாம் மாடி அம்மா என்னை அடையாளம் தெரிந்தவர். லிப்ட்காரர் பொண்ணாச்சே என்று பிடித்து உட்கார வைத்திருந்தார். அந்தச் சாலையில் எவ்வளவு லாரி போகும் என்று உனக்குத் தெரியும். அவள் எப்படிக் கடந்தாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாளே தலைமையாசிரியை அம்மா கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். துணை இல்லாமல் முழு நாள் வைத்துக்கொள்ள முடியாது, மதியத்தோடு கூட்டிப் போங்கள் என்றார். துணை கொடுங்கள் என்றேன். உங்க பொண்ணுக்குத் தேவையில்லைன்னு அதிகாரியே எழுதிட்டாரே, நான் எங்கே போய்க் கேட்பேன் என்றார். இப்படியே போனால் அடுத்த பருவத்திலிருந்து நகருக்கு வெளியே இருக்கிற தனி மையத்தில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். டாலி இல்லாத, மதில் உயரமான அந்த இடம். நாம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, வேண்டவே வேண்டாம் என்று திரும்பி வந்தோமே, அதே இடம்.

மதியத்துக்கு மேல் அவளை என்னோடு கட்டடம் கட்டடமாக இழுத்துக்கொண்டு அலைந்தேன். வாசல் காவலாளி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். கம்பெனியில் இரண்டு முறை எச்சரித்தார்கள். அந்த நாட்களில்தான் உனக்கு "சேர்ந்து இருக்க நிறைய நேரம்" என்று எழுதினேன். எழுதின கையை உடைக்கலாம்.

இதற்கெல்லாம் காரணம் அந்த அதிகாரி அம்மா என்று அவரைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மை எனக்கு உறைத்தது ஏப்ரல் நடுவில். ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிப்ட் கதவு பாதியில் நின்று நின்று போகிறது என்று புகார். நான் போனால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. மூன்றாவது தடவை போனபோதுதான் பார்க்கிறேன், மேனேஜர் ஆள் வைத்துக் கதவு ஓடுகிற பள்ளத்தைத் துடைத்து, எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் வரும்போது சுத்தமாக இருக்கட்டுமே என்று செய்தாராம். எனக்கு வந்ததே கோபம். "ஏங்க, கோளாறைத் துடைச்சு வச்சிட்டு என்னைக் கூப்பிட்டா நான் எதைங்க பார்க்கிறது?" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே என் வாய் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு வாரம் எண்ணெய் விட்டது யார்? காதில் பஞ்சு வைத்தது யார்? பூங்காவில் ஓடவிட்டுக் களைக்க வைத்தது யார்? இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சோதனைக்கு ஆள் வரும்போது லிப்டைத் தேய்த்து வைக்கிறவனைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. அந்த வேலையை நானே என் மகளுக்குச் செய்திருக்கிறேன். அவளை எல்லோரும் மெச்ச வேண்டும், அவ்வளவுதான் எனக்கு இருந்த நினைப்பு. மேனேஜர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் வேறு, லிப்டுக்காகவா சார் இப்படி அழறீங்க என்று கேட்கிறார்.

அழுது முடித்ததும் மூளை கொஞ்சம் வேலை செய்தது. லிப்டுக்கு லாக் புக் உண்டு. எந்த நாள், எத்தனை மணி, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, என்ன செய்ததும் மறுபடி ஓடியது. அதைப் பார்க்காமல் எந்த மெக்கானிக்கும் வாயைத் திறக்க மாட்டான். மேஸ்திரிக்கு ஏன் ஒன்று கிடையாது? இரண்டு நீள நோட்டு வாங்கி, அதே கட்டங்களைப் போட்டேன். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு வகுப்பு டீச்சரிடம் போனேன்.

அவர் முதலில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். உங்க பொண்ணு மட்டும்தான் என் கிளாஸ்ல இருக்காளா, மத்த முப்பத்தேழையும் யார் பார்க்கிறது, இதுல நோட்டு வேறயா என்றார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். டீச்சர், இப்ப சொன்னீங்களே, அதையே இதுல எழுதுங்க, போதும் என்று நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மதியம் அவளைக் கூட்டிவரப் போனபோது ஒரு பக்கம் நிரம்பியிருந்தது.

முப்பத்து நான்கு பள்ளி நாள். ஒரு நாள்கூட விடவில்லை அந்த மகராசி. உனக்கு ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன். "9.10, நோட்டை எடு என்றேன், எடுக்கவில்லை, பக்கத்தில் போய்த் தொட்டுக் காட்டியதும் எடுத்தாள், 4 நிமிடம். 10.20, மணி, மேஜைக்கடியில், 25 நிமிடம், டாலி அருகில் உட்கார்ந்ததும் வெளியே வந்தாள், டாலிக்குக் கணக்குப் பாடம் போயிற்று. 11.05, ஈரம், மாற்றுத் துணி, 15 நிமிடம், அதுவரை வகுப்பைப் பார்க்க யாரும் இல்லை, ஒரே சத்தம்." நம் பிள்ளைக்கு என்னென்ன முடியவில்லை என்று ஒவ்வொன்றாகக் காகிதத்தில் பார்ப்பதற்குக் கல் மனசு வேண்டும். ஆனால் கடைசிக் கட்டத்தைப் பார். தொட்டுக் காட்டியதும் எடுத்தாள். அருகில் உட்கார்ந்ததும் வெளியே வந்தாள். எல்லாப் பக்கத்திலும் கடைசிக் கட்டத்தில் ஒரே விஷயம்தான். யாராவது பக்கத்தில் இருந்தால், லிப்ட் மாதிரி அவளும் மறுபடி ஓடுகிறாள்.

அதை வைத்து மேல்முறையீடு எழுதிப் போட்டேன். ஜூன் 24 வரச் சொன்னார்கள்.

கல்வி அலுவலகத்தில் இரண்டாவது மாடி, லிப்ட் பழுது என்று பலகை தொங்கியது. சகுனமே சரியில்லை என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். நீள மேஜை. தலைமை அதிகாரி நடுவில், டை கட்டியவர், முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு பக்கம் அந்தக் கண்ணாடி அதிகாரி அம்மா, மறுபக்கம் நம் தலைமையாசிரியை. நானும் டீச்சரும் எதிரில். மேஸ்திரியை டாலி வீட்டில் விட்டிருந்தேன். அழைத்துக்கொண்டு போய் அங்கே முடியாததைச் செய்யச் சொல்லிக் காட்டியிருக்கலாம், சீக்கிரம் வேலை முடிந்திருக்கும். என் மகளை நாலு பேர் எதிரில் தோற்க வைத்து நான் ஜெயிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தலைமை அதிகாரி கோப்பைத் திறந்தார். முதலில் எடுத்தது என்ன தெரியுமா? உன் கடிதம். தலைமையாசிரியைக்கு நீ போட்ட நன்றிக் கடிதம். சத்தமாகவே படித்தார். என் மகள் இப்போது தன் காலில் நிற்கிறாள், அவளுக்கு மிச்சமாகும் துணை ஆசிரியையின் நேரத்தை இன்னும் தேவையுள்ள வேறொரு குழந்தைக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாயே, அதையும் படித்தார். அம்மாவே தேவையில்லை என்கிறாரே, நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"அவங்க எழுதினது தப்பு இல்லைங்க. நான்தான் அவங்களுக்குப் பொய் எழுதினேன். பொண்ணு நல்லா இருக்கா, எல்லாம் தானா பண்றான்னு. தூரத்துல இருக்கிறவங்க, நான் சொன்னதை நம்பிட்டாங்க."

அப்போ இந்த நோட்டை மட்டும் நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டார். கேட்பார்தானே. அப்போது வகுப்பு டீச்சர் எழுந்தார். என்னை உண்டு இல்லை என்று ஆக்கினாரே, அவர்தான். "அது என் கையெழுத்து சார். பொய்னா என்னைக் கேளுங்க. முப்பத்தி நாலு நாள்ல நான் நடத்தாம விட்ட பாடமும் அதுலதான் இருக்கு" என்றார். பக்கத்தில் தலைமையாசிரியை உட்கார்ந்திருக்கிறார், அவர் எதிரிலேயே சொன்னார். தலைமையாசிரியை அம்மா குனிந்து தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் சார், எனக்கும் தெரியும் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. கண்ணாடி அம்மா பக்கம் திரும்பி, அன்றைக்கு நீங்கள் மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டீர்கள் அம்மா, நினைவிருக்கிறதா என்றேன். அவர் குறிப்பைத் தேடினார், அப்புறம் கண்ணாடியைத் தேடினார். தலைமேல் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். நான் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்த வரிசையை ஒன்று, இரண்டு என்று விரல் விட்டுச் சொன்னேன். நீலம் என்பது மூன்றாவது பதில். டாலி நான்காவது. சாப்பாடு வேணும்னு சொல்வேன் என்பது ஐந்தாவது. நீங்கள் ஒன்றைத் தாண்டிப் போனீர்கள், அவள் தாண்டவில்லை, நான் கொடுத்த வரிசையிலேயே வந்தாள். காதில் பஞ்சு வைத்ததையும் சொன்னேன். பூங்காவையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அந்த அம்மா தன் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்பனைத் திறன் உண்டு என்று எழுதியிருந்த இடம் எனக்கே தெரிந்தது. குறிப்பை மூடிவிட்டு, "நான் இந்தப் பிள்ளையை மறுபடி பார்க்கணும். இந்தத் தடவை சொல்லிட்டு வர மாட்டேன்" என்றார்.

வந்தார். மூன்றாம் நாளே, எனக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. காலையிலிருந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். 10.20 மணி அடித்ததும் மேஸ்திரி மேஜைக்கடியில் போயிருக்கிறாள். அந்த வயதில் அந்த அம்மா புடவையைச் செருகிக்கொண்டு தானும் மேஜைக்கடியில் போய், அவள் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். எட்டாவது நிமிடம் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். நோட்டில் அந்த வரியை அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 30, உத்தரவு வந்துவிட்டது! பள்ளி நேரம் முழுவதும், இந்தக் குழந்தைக்கு மட்டும், ஒரு துணை ஆசிரியை. வருஷக் கடைசி வரை. அதற்குப் பிறகும் வகுப்பில் வந்து பார்க்காமல் குறைக்கக் கூடாது என்று வேறு தலைமை அதிகாரி எழுதியிருக்கிறார். தனி மையம் என்ற பேச்சே போய்விட்டது. நான் அதை இந்த லிப்டுக்குள் நின்றுதான் படித்தேன். படித்துவிட்டு ஒன்பது மாடிப் பொத்தானையும் அமுக்கினேன். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கத் திறக்க, நின்றவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாம் மாடி அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஆறாம் மாடியில் ஒரு டெலிவரிக்காரர், யார் என்றே தெரியாது, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இருபது வருஷத்தில் ஒரு லிப்டை வேண்டுமென்றே நான் இப்படி ஓட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

புதுத் துணை ஆசிரியை வந்து ஏழு நாள் ஆகிறது. ஆள் நல்ல வாட்டசாட்டம், குரல் மட்டும் பஞ்சு. மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒரு மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைப்பார். இவள் காதைப் பொத்திக்கொள்வாள். மணி அடிக்கும். முடிந்ததும் கையை எடுத்துவிட்டுப் பென்சிலைத் தேடுவாள். மேஜைக்கடியில் போய் நான்கு நாள் ஆகிறது. மாற்றுத் துணி பையிலேயே மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறது. அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்து, நான் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தேன்.

அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது வாசிப்பும் இல்லை, கணக்கும் இல்லை. உதவி வேணும் என்று கேட்கத்தான். கையைத் தூக்கி அந்த இரண்டு வார்த்தை. நேற்று வீட்டில் செருப்புப் பட்டை மாட்டிக்கொண்டது. முன்பெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு அலறுவாள். நேற்று கையைத் தூக்கி, "அப்பா, உதவி வேணும்" என்றாள். எட்டு வயதில் முதல் தடவை. நான் பட்டையைப் பிரித்துவிட்டேன். அப்புறம் முகம் கழுவப் போனேன்.

இனி உன் விஷயம். இன்னும் இரண்டு வருஷமா என்று கேட்டாய், உன் விருப்பம் என்றேன். அதுவும் பொய்தான். நீ இல்லாமல் என்னால் முடிகிறது என்று உனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். மேஸ்திரிக்கு விட்ட எண்ணெயில் மிச்சத்தை எனக்கும் விட்டுக்கொண்டேன். முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஏழு நாளில் கற்றுக்கொண்டதை நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். எனக்கு உதவி வேணும். செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடு. அங்கே உன்னை நம்பியிருக்கிற நோயாளிகள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ அவ்வளவும் எழுதி அனுப்பு. நேரில் வந்து திட்டினால் இன்னும் நல்லது. உன் கையும் காலும் நோகாமல், நீ போகிற வழியெல்லாம் நல்லதாகவே இருக்க வேண்டும்.

உனக்கு இனி ஒன்றையும் மறைக்காத
உன் லிப்ட்காரன்

பின்குறிப்பு: அம்மாவுக்கு ஏதாவது எழுது என்று காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாக் புக்கிலும் ஏற்றிவிட்டேன்: மாலை 5.40, ஆறு நிமிடம், யாரும் சொல்லித் தரவில்லை. கீழே இருக்கிற கோணல் எழுத்து அவளுடையது.

அம்மா எப்போ வரும்?